சொல்லாமல் விட்ட செலவு



விடுமுறைக் காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகின்றது. முன்பெல்லாம் அது வேளாங்கண்ணி, பூண்டி, ஏலாக்குறிச்சி என்னும் அளவில் நின்றது. இன்றோ கைப்பேசியை நான்கு முறை விரலால் தொட்டால் ஐந்து பேருக்கு விமானச் சீட்டு வந்துவிடுகிறது. இதில் தவறொன்றுமில்லை. உழைக்கும் தந்தையும் தாயும் பிள்ளைகளோடு சில நாள் ஓய்வாக இருப்பது குடும்பத்துக்கு நலமே பயக்கும். ஆனால் அந்த நான்கு தொடுதலுக்கும் இடையில் நிகழும் ஒன்றைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை, காரைக்காலை அடுத்த தலத்தெருவில் ஓர் இல்லத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். சிறு கடை நடத்தும் குடும்பத் தலைவர், அவர் மனைவி, பன்னிரண்டு வயது நிரம்பாத இரு பிள்ளைகள், முதிய தாய் ஆக ஐவர். கோவாவில் புனித சவேரியாரின் திருவுடல் 2024 நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை மக்கள் வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருந்ததை அறிவீர்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் இவ்விழாவுக்கு, பிள்ளைகளின் விடுமுறையையும் சேர்த்துக்கொண்டு, அக்குடும்பம் போய் வந்திருந்தது. சவேரியார் 1545ஆம் ஆண்டில் நம் அண்டையிலுள்ள நாகப்பட்டினத்தில் தங்கி மயிலாப்பூருக்குப் புறப்பட்டவர். ஆகவே அவரைக் காணச் செல்வது நம் பகுதி மக்களுக்கு உறவினர் வீட்டுக்குப் போவது போன்றது.

குடும்பத் தலைவர் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். சென்னையிலிருந்து கோவாவுக்கு ஆளுக்கு 4,199 ரூபாய் என்று திரையில் கண்டிருக்கிறார். ஐவருக்குப் போக வர 41,990 ரூபாய் என்று கணக்கிட்டு அத்தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறார். பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டார். பிள்ளைகள் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். இதன் பின்னரே அவர் பணம் கட்டும் பக்கத்துக்குச் சென்றார். பதிவுக் கட்டணம் என்று ஆளுக்கு ஒவ்வொரு வழிக்கும் 350 ரூபாய். அருகருகே அமர இருக்கைக் கட்டணம் 300. அவர் கேளாமலே குறியிடப்பட்டிருந்த காப்பீடு 249. இவ்வகையில் மட்டும் 8,990 ரூபாய் கூடிற்று. "இந்த விலையில் ஐந்து இடங்களே உள்ளன" என்று மேலே ஓர் எச்சரிக்கை; பக்கத்தில் நொடிகளைக் குறைத்துக்கொண்டே வந்த ஒரு கடிகாரம். பணத்தைக் கட்டிவிட்டார்.

விமான நிலையத்தில் அடுத்த அடி விழுந்தது. அவர் வாங்கியிருந்தது கைப்பை மட்டும் கொண்டுசெல்வதற்கான சீட்டாம். இரு பெட்டிகளுக்கும் அங்கேயே 6,400 ரூபாய் கேட்டார்கள். திரும்பி வரும்போது முன்கூட்டியே கட்டியதால் 3,600 ரூபாயோடு போயிற்று. ஆக 41,990 என்று தொடங்கியது 60,980 ரூபாயில் முடிந்தது.

சென்னையில் அந்த 6,400 ரூபாய்க்குக் கையிருப்புப் போதவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியபோது, மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த நோட்டுகளை மகனிடம் நீட்டினாராம். அது சவேரியாருக்கென்று மாதக்கணக்கில் அவர் சேர்த்து வைத்திருந்த காணிக்கை.

"சவேரியார் கணக்குப் பார்க்க மாட்டார், சாமி" என்றார் அந்தத் தாய் என்னிடம். "ஆனா முதல்லேயே சொல்லியிருந்தா நான் ரெண்டு சேலையைக் குறைச்சு எடுத்து வந்திருப்பேன்."

அன்பர்களே, பல நூல்கள் விரித்துரைக்கும் நீதியை அத்தாய் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றிற்று. அவர் கட்டணம் கேட்டதைக் குறை கூறவில்லை. கேட்ட வேளையைத்தான் குறை கூறினார்.

இங்கே நாம் நியாயம் தவறாமல் சிந்திக்க வேண்டும். விமானக் கட்டணத்தில் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், சாதாரண வகுப்புக்கு 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி எனப் பல பகுதிகள் உண்டு. பெட்டி இல்லாமல் பயணம் செய்பவருக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2021 பெப்ரவரியில் அனுமதியளித்தது. இதுவும் அநீதியன்று. ஒரு துணிப்பையோடு செல்லும் மாணவன், மூன்று பெட்டியோடு செல்லும் செல்வரின் சுமைக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? ஆகவே தனித்தனிக் கட்டணம் தன்னளவில் பாவமாகாது. மனிதன் மனத்தால் முடிவு செய்து, மனைவி மக்களுக்கு வாக்கும் கொடுத்துவிட்ட பின்னர், பின்வாங்க வெட்கப்படும் நேரம் பார்த்து மீதி விலையைச் சொல்வதுதான் தவறு. அங்கே பணத்தோடு அவனுடைய சுதந்திரமும் பறிக்கப்படுகின்றது.

நம் திருச்சபையின் மறைவல்லுநராகிய புனித தோமா அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதனை ஆராய்ந்தார். 'இறையியல் தொகுப்பு' என்னும் நூலின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில் 77ஆம் வினா முழுவதும் வாங்குதல் விற்றலில் நிகழும் வஞ்சனையைப் பற்றியதே. விற்கும் பொருளிலுள்ள குறை கண்ணுக்குத் தெரிவதாயின், அதற்கேற்ப விலையையும் குறைத்துவிட்டால், விற்பவர் அதனை எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர்; ஆனால் மறைந்திருந்து வாங்குபவருக்கு இழப்பு விளைவிக்கும் குறையாயின் அதனைச் சொல்லியே தீர வேண்டும் என்பது அவருடைய போதனை. குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது நொண்டிக் குதிரையையும் பழுதான வீட்டையும் நினைத்துக்கொண்டோம். நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் பெட்டிக் கட்டணமும் அவ்வகையைச் சேர்ந்ததே என்று இப்போது உணர்கிறேன். அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கி, நிறுக்கும் எடையைப் பெரிதாக்கிய வணிகரை ஆமோஸ் இறைவாக்கினர் கடிந்துகொண்டது நினைவிருக்கும். கருவி மாறியிருக்கிறதேயன்றிக் குற்றம் மாறவில்லை.

நாட்டின் சட்டமும் இதனை ஏற்றுக்கொண்டுள்ளது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், இணைய வணிகத்தில் கையாளப்படும் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடைசெய்யும் நெறிமுறைகளை நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்டது. முதலில் ஒரு விலை காட்டிப் பணம் கட்டும்போது வேறு விலை வாங்குதல், விமானச் சீட்டோடு கேளாமலே காப்பீட்டைச் சேர்த்தல், காப்பீடு வேண்டாம் என்பவரை நாணச் செய்யும் சொற்களை எழுதுதல், இல்லாத அவசரத்தை உண்டாக்குதல் ஆகிய யாவும் அப்பட்டியலில் உள்ளன. காரைக்காலில் பல குடும்பங்களுக்குப் பிரான்சு நாட்டில் உறவினர் உண்டு. அங்கெல்லாம் தவிர்க்க முடியாத வரிகளும் கட்டணங்களும் அடங்கிய முழு விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டிலேயே விதி செய்துவிட்டது. விருப்பச் சேவைகளை வாங்குபவர் தாமே தேர்ந்தால்தான் சேர்க்கலாம் என்பதும் அவ்விதியில் அடங்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, வணிகர்களை மட்டும் குற்றக் கூண்டில் நிறுத்திவிட்டு நான் எழுந்து போய்விட முடியாது. அந்தக் குறிப்பேட்டை நான் மூடியபோது என் மனச்சான்று வேறொரு நாளை நினைவூட்டிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பங்கிலிருந்து ஒரு ஞாயிறன்று ஏலாக்குறிச்சிக்கும் பூண்டிக்கும் பேருந்தில் திருயாத்திரை ஏற்பாடு செய்தேன். "ஆளுக்கு 450 ரூபாய்" என்று பூசை முடிவில் அறிவித்தேன். குறைவாகச் சொன்னால் பலர் வருவார்கள் என்ற எண்ணம் எனக்கு இல்லாமலில்லை. புறப்பட்ட பின்னர் மதிய உணவு, ஓட்டுநர் படி, சுங்கச் சாவடி, திருப்பலிக் காணிக்கை என்று இளைஞர் ஒருவர் பேருந்துக்குள்ளேயே ஆளுக்கு 180 ரூபாய் தண்டினார். இரு பெண் பிள்ளைகளோடு வந்திருந்த கைம்பெண் ஒருவர் பிள்ளைகளுக்குரியதைக் கொடுத்தார். தமக்குரியதில் உணவுக்கானதைத் தவிர மற்றதைக் கொடுத்தார். பூண்டியில் எல்லோரும் பந்தியில் அமர்ந்தபோது அவர் மட்டும் மரத்தடியில் இருந்தார். "சாப்பிட வரவில்லையா, அம்மா?" என்று கேட்டேன். "இன்னைக்கு எனக்கு ஒருசந்தி, சாமி" என்றார். நல்ல பக்தி என்று எண்ணிக்கொண்டு நான் பந்திக்குப் போய்விட்டேன்.

இரவில் கட்டளைச் செபம் சொல்ல அமர்ந்தபோதுதான் உறைத்தது. ஞாயிறு ஆண்டவருடைய நாள். அன்று ஒருசந்தி இல்லை. இதை எனக்குச் சொல்ல வேறொருவர் வேண்டுமா? 630 ரூபாய் என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தால், அவர் வராமல் இருந்திருக்கலாம். அல்லது என்னிடம் வந்து தம் நிலையைச் சொல்லியிருக்கலாம். அல்லது கட்டுச்சோறு கொண்டுவந்திருக்கலாம். மூன்றில் எதையும் தேர்ந்துகொள்ளும் உரிமையை நான் அவருக்கு விட்டுவைக்கவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார். அந்தக் காபி இன்றும் தொண்டையில் நிற்கிறது.

கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்ற கருத்தில் நம் ஆண்டவர் வினவியதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தம்மைப் பின்பற்ற விரும்பியவர்களிடம் சிலுவையையும் துறவையும் முன்னதாகவே சொல்லிவிட்டவர் அவர். கூட்டம் குறைந்துவிடும் என்று எதையும் ஒளிக்கவில்லை. நம் ஆண்டவர் முழு விலையையும் முதலில் சொன்னவர் என்பதை, பங்கில் அறிவிப்புச் செய்யும் நானும், கடையில் விலை கூறும் நீங்களும், திருமணத்துக்குச் சமையல் பேசும் உறவினரும் மறக்கலாகாது.

இனி, பயணம் புறப்படும் குடும்பங்களுக்குச் சில சொற்கள்.

திரையில் முதலில் தெரிவதை விலை என்று நம்பாதீர்கள். பணம் கட்டுவதற்கு முந்திய கடைசிப் பக்கம் வரை சென்று, எல்லோருக்கும் போக வர ஆகும் மொத்தத்தைத் தாளில் எழுதுங்கள். இரு நிறுவனங்களை ஒப்பிடும்போது அந்த மொத்தங்களையே ஒப்பிடுங்கள். அதன் பின்னரே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேளாத குறி எதுவும் கட்டத்தில் இருந்தால் நீக்குங்கள். பெட்டிக்கு எத்தனை கிலோ அனுமதி என்பதைப் பாருங்கள். விமான நிலையத்தில் கட்டுவதைவிட முன்கூட்டிக் கட்டுவது பெரும்பாலும் குறைவு. ஒரே பதிவில் பயணம் செய்யும் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் அருகிலாவது இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2024 ஏப்ரலில் ஆணையிட்டுள்ளது. பிள்ளைகள் தனியே அமர நேரும் என்ற அச்சத்தால் தலத்தெருக் குடும்பம் இருக்கைக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி தேவையற்றதே. பயணத்தைக் கைவிட நேர்ந்தால், திரும்பக் கிடைக்காது என்று சொல்லப்பட்ட சலுகைச் சீட்டுக்கும் அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பத் தரப்பட வேண்டியவை. கேட்டுப் பெறுங்கள்.

இரயிலில் செல்வோரும் இணையத்தில் பதிவு செய்யும்போது சேரும் வசதிக் கட்டணத்தைக் கணக்கில் கொள்க; சீட்டை நீக்கினாலும் அது திரும்பாது. சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் பேசும்போது உணவு, ஓட்டுநர் படி, சுங்கம், நுழைவுக் கட்டணம், கூடுதல் படுக்கை, வரி ஆகிய ஆறும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். புனித நாடு, உரோமை முதலிய வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகளுக்கு 2020 அக்டோபர் முதல் விற்பவரே வருமான வரியின் ஒரு பகுதியை முன்னதாக வசூலிக்கிறார். அதன் விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தொகையை ஆண்டுக் கணக்கில் ஈடுசெய்யவோ திரும்பப் பெறவோ இயலும். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். முறையிடுவது சண்டையாகாது, அடுத்து வரும் குடும்பத்துக்குச் செய்யும் பிறரன்புப் பணியே ஆகும்.

நான் செய்துகொண்ட தீர்மானத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்குப் பின் என் பொறுப்பில் நடக்கும் எந்தத் திருயாத்திரைக்கும் ஒரே தொகைதான் அறிவிக்கப்படுகிறது. பேருந்துக்குள் எவரும் பணம் தண்டுவதில்லை. வரவு செலவு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. மீதியானால் திருப்பித் தரப்படுகிறது. இயலாதவர் முன்னதாகவே தனியே என்னிடம் சொல்ல வழி இருக்கிறது. தொகை பெரிதாகத் தெரிவதால் சில வேளை பேருந்தில் பத்து இடம் காலியாகச் செல்வதுண்டு. செல்லட்டும். வந்தவர்கள் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறார்கள். எனக்கு அது போதும்.

உங்கள் பயணங்களை இறைவன் ஆசீர்வதிப்பாராக.