முதற்பனியும் முதல் மாரியும்

சுவிட்சர்லாந்தில் வாழும் நம்மவர் அறிவர்: மெல்லிய முதற்பனியே, பின்னர் விழும் பனிக்கு உறுதியற்ற அடித்தளமாகிச் சரியக்கூடும். ஆகவே அங்கு பனிச்சரிவு அபாயத்தை 5 படிகளில் அறிவிக்கிறார்கள்; ஆபத்து மிகுந்தால் மலைவீதியை மூடுகிறார்கள்.

இங்கே? சொறிக்கல்முனைக்கு அண்மையிலுள்ள மாவடிப்பள்ளியில், 2024 நவம்பர் 26 அன்று, வெள்ளம் மேவிய காரைதீவு–அம்பாறை வீதியில் மதரசா மாணவரை ஏற்றிவந்த உழவு இயந்திரம் கவிழ்ந்தது. பிள்ளைகள் மாண்டனர்.

இதை இயற்கையின் சீற்றம் என்று எழுதுவது பொய். பெருமாரியில் அவ்வீதியில் நீர் ஏறுமென்பதை வயற்காரரும் அறிவர், கச்சேரியும் அறியும். இரண்டடி ஓடுநீரே பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். வானொலியில் மழை அறிவித்தால் மட்டும் போதாது. வீதியை மறிக்கும் தடையே எச்சரிக்கை. அடுத்த மாரிக்கு முன் அதை நடுங்கள். அனுதாபச் செய்தி எழுதி எம் கை சலித்துவிட்டது.