வெறுங்கையோடு கடைக்குச் செல்வோர்க்கு!

ஒருமுறை பயன்படுத்தி எறியப்பெறும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்தது. 2021 திசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. ஆணையும் வந்தது; அறிவுரையும் வந்தது. ஆயினும் மீன்கடையிலும் பூக்கடையிலும் அந்த மெல்லிய பை இன்னும் மறைந்தபாடில்லை. ஏன்? மறைத்து விற்பவனையும், அதனை உருவாக்கும் ஆலையையும் ஒறுப்பது அரசின் கடன். அதில் அரசு தளர்ந்தால் இடித்துரைப்போம். ஆனால், வெறுங்கையை நீட்டும் பல்லாயிரவர் நாம் இருக்கும்வரை, கொடுப்பவன் எவ்வாறு ஒழிவான்?

ஏமாற்றும் எளிதாக நடைபெறுகின்றது. கடைகள் நல்கும் வண்ணப் பைகளுள் பல துணியே அல்ல. நெய்யாது அழுத்திச் செய்த நெகிழி. 2019-ஆம் ஆண்டுத் தடைப் பட்டியலில் அவையும் இடம்பெற்றன. உட்புறம் நெகிழி பூசிய தாள்குவளையும் இடம்பெற்றது. பையின் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். நூல் வந்தால் துணி, வாராவிடின் ஐயுறுங்கள். இனி, உண்மையான பருத்திப் பையும் பன்முறை பயன்பட்டாலன்றிப் பயனில்லை. பருத்தி விளையவும் சாயமேற்றவும் நீர் செலவாகின்றதன்றோ? மணவிழாதோறும் பெற்ற பைகளைப் பரணில் அடுக்கிவிட்டு வெறுங்கையோடு கடைக்குச் செல்வதில் என்ன பெருமை?

வீட்டைவிட்டு நீங்கியதும் குப்பை ஒழிந்ததென எண்ணுகின்றோம். அது செல்லுமிடம் யாது? சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல் இராம்சார் பட்டியலில் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக இடம்பெற்றது. அச்சதுப்பின்மேல்தான் பெருங்குடிக் குப்பைமேடு பல்லாண்டுகளாக எழுந்தது. அதே ஆண்டு ஏப்பிரலில் அம்மேடு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. சோறும் காய்த்தோலும் நெகிழியோடு கலந்து காற்றுப் புகாது அழுகுங்கால் எரிவளி உண்டாகின்றது. அது தீயை வளர்க்கின்றது. தனித்து வைத்தால் காய்த்தோல் எருவாகும். தாள் மீண்டும் தாளாகும். கலந்தால் இரண்டும் கெடும்.

கலந்தவற்றைப் பின்னர்ப் பிரிப்பவர் யார்? தூய்மைப் பணியாளர். நாம் எறிந்த உடைந்த கண்ணாடியும் ஊசியும் அவர்தம் கையைத்தான் கிழிக்கின்றன. மக்குவது, மக்காதது, தீங்கு தருவது எனப் பிரித்துத் தருவதை 2016-ஆம் ஆண்டு நெறிமுறைகளே வீட்டார்க்குக் கடமையாக்கின. நாம் நொடிப்பொழுதில் செய்யக்கூடியதை அவர் நாள்முழுதும் முடைநாற்றத்தில் நின்று செய்யுமாறு விடுவது பண்பாடாகுமா?

ஆதலின், தமிழ்ப் பெருமக்களே! வாங்குமுன் ‘இது வேண்டுமா?’ என வினவுங்கள். வேண்டுமாயின் பையும் தூக்கும் உடன்கொண்டு செல்லுங்கள். பழுதானதை எறியுமுன் செப்பனிட முயலுங்கள். குப்பையைப் பிறந்த இடத்திலேயே பிரியுங்கள். உடைந்த கண்ணாடியைத் தாளில் பொதிந்து, அடையாளமிட்டுத் தனியே கொடுங்கள். நெகிழியைத் தெருவில் எரிக்காதீர்கள். அந்நச்சுப்புகை உங்கள் குழந்தைகளின் மூச்சிலும் புகும். சட்டம் கடைக்குப் பூட்டுப் போடலாம். நம் கையில் பையைக் கொண்டுவந்து தராது. அதனை நாமே எடுத்தல் வேண்டும்; இன்றே எடுப்போம்!