தடுப்பூசி: பிலிப்பின்ஸ் இளைஞர்கள் தயங்கியது ஏன்?

புது தில்லி: கரோனா தடுப்பூசித் திட்டத்தை பிலிப்பின்ஸ் அரசு 2021 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கியது. இரண்டு மாதங்களுக்குப் பின் ‘சோஷியல் வெதர் ஸ்டேஷன்ஸ்’ நிறுவனம் வெளியிட்ட கருத்துக் கணிப்பில், ஊசி போட்டுக்கொள்ள விருப்பம் தெரிவித்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. பக்க விளைவுகள் குறித்த அச்சமே மறுத்தவர்கள் கூறிய முக்கியக் காரணம்.

இந்த அச்சம் கரோனாவுடன் வந்ததல்ல. 2016 ஏப்ரலில் அங்கு பள்ளி மாணவர்களுக்கு ‘டெங்வாக்சியா’ என்ற டெங்கு தடுப்பூசி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 8 லட்சத்துக்கும் அதிகமான சிறார்களுக்கு அது செலுத்தப்பட்டது. முன்னர் டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசிக்குப் பின் நோய் தாக்கினால் அது கடுமையாகக்கூடும் என்று தயாரிப்பு நிறுவனமான சனோஃபி 2017 நவம்பரில் அறிவித்தது. திட்டம் கைவிடப்பட்டது. மருத்துவ ஆய்வு முடியும் முன்பே அரசியல் களம் தீர்ப்பு எழுதிவிட்டது.

தடுப்பூசிகள் பாதுகாப்பானவை என்று உறுதியாக நம்பியோரின் விகிதம் 2015-இல் 82 சதவீதமாக இருந்து, 2018-இல் 21 சதவீதமாகச் சரிந்தது என ஓர் ஆய்வு கூறியது. 2019-இல் தட்டம்மைக்கு 500-க்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

கரோனா காலத்து இளைஞர்கள் இந்தச் சர்ச்சையைப் பள்ளி, கல்லூரிப் பருவத்தில் கண்டவர்கள். ஊசி செலுத்தப்பட்ட சிறார்களின் அண்ணன், அக்காள் தலைமுறையினர். கரோனா முதியோருக்கே ஆபத்து என்ற எண்ணமும், சீனத் தடுப்பூசி மீதான ஐயமும் அவர்களின் தயக்கத்தைக் கூட்டின. அவசரகாலப் பயன்பாட்டு அனுமதி அந்நாட்டில் பெற்றிராத ‘சைனோஃபார்ம்’ ஊசியை அதிபர் டுடெர்டே 2021 மே மாதம் போட்டுக்கொண்டது, ஒழுங்குமுறை அமைப்பின் மீதான மதிப்பை உயர்த்தவில்லை.

விளக்கத்தைவிட மிரட்டலையே டுடெர்டே அதிகம் நம்பினார். ஊசியை மறுப்போர் சிறை செல்ல நேரிடும் என்று ஜூன் மாதம் எச்சரித்தார். 2022 ஜனவரியில் மணிலா பெருநகரில், ஊசி போடாதோருக்குப் பொதுப் போக்குவரத்து மறுக்கப்பட்டது. நேரடி வகுப்புக்கும் வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் சான்றிதழ் தேவைப்பட்டதால் இளைஞர்கள் வரிசையில் நின்றனர்.

அந்த வரிசை நீடிக்கவில்லை. 2022 இறுதிக்குள் முழுத் தவணையும் பெற்றோர் 7.3 கோடிக்கும் அதிகம். கூடுதல் தவணை பெற்றோரோ சுமார் 2.1 கோடி மட்டுமே. கட்டாயத்தின் பிடி தளர்ந்ததும் ஆர்வமும் தளர்ந்தது.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமியருக்கு கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி வழங்கிய திட்டம் 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நிகழ்ந்த மரணங்களுக்கு ஊசி காரணம் என நிரூபணமாகவில்லை. எனினும், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டதை 2013-இல் நாடாளுமன்றக் குழு கண்டித்தது. புற்றுநோயைத் தடுக்கும் ஊசி பல ஆண்டுகள் ஐயத்தின் நிழலிலேயே கிடந்தது.

2016-இல் ஒன்பது வயதில் டெங்வாக்சியா பெற்ற பிலிப்பின்ஸ் சிறார்கள் இன்று வாக்களிக்கும் வயதை எட்டிவிட்டனர். நாளை தங்கள் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடலாமா என்று முடிவு செய்யப்போகிறவர்கள் அவர்களே. அதற்குள் அவர்களின் நம்பிக்கையை மீட்பது அந்நாட்டு அரசின் பொறுப்பு.