ஜீனோவும் பேரப்பிள்ளைகளும்

தமிழில் அறிவியல் புனைகதை குறித்துப் பேசப் புகுவோர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை விலக்கிவிட்டுப் பேச இயலாது. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வெளிவந்து, நூலாகி, பின் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பான படைப்பு அது. இன்று நாற்பது வயதைக் கடந்து நிற்போர் பலருக்கு ஜீனோ என்னும் எந்திர நாயின் அறிமுகம் ஏட்டின் வழியாக அன்று, அந்தச் சிறிய திரையின் வழியாகவே வாய்த்தது. கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்து அதனைக் கண்ட சிலமலைச் சிறுவர்களுள் நானும் அடக்கம். இன்றைய கணினி வரைகலை வசதிகள் இல்லாத காலத்தில், எந்திர நாய் ஒன்று தமிழ் பேசியதே எங்களுக்குப் பேரதிசயமாக இருந்தது.

அக்கதை நிகழ்வதாகச் சொல்லப்பட்ட 2021, 2022 ஆம் ஆண்டுகள் வந்தும் போய்விட்டன. எனவே, ‘சுஜாதா சொன்னவற்றுள் எவையெவை பலித்தன?’ என்று கணக்கெடுக்கும் வழக்கம் அன்பர்களிடையே பெருகியுள்ளது. குடிமக்கள் அனைவருக்கும் எண் என்றார். 2010 இல் ஆதார் வந்தது. எந்திர நாய் என்றார். 1999 இல் ஜப்பானின் சோனி நிறுவனம் ஐபோ என்னும் எந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாட்டையாளும் ஜீவா உண்மை மனிதரல்லர், ஒளியால் புனைந்த முப்பரிமாண உருவம் என்று காட்டினார். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரே தலைவரின் ஒளியுரு ஒரே வேளையில் பல ஊர் மேடைகளில் நின்று உரையாற்றியது. உரையாடும் கணினி நிரலான சாட்ஜிபிடி வெளியானதும் கதை நிகழும் அதே 2022 ஆம் ஆண்டின் நவம்பரில்தான். இவை வியப்பிற்குரியனவே. ஆயினும், ஒரு படைப்பாளியைக் கிளிச் சோதிடக்காரராக்கிப் பலன் பார்ப்பது அவருக்கு நாம் செய்யும் சிறப்பாகாது என்பது என் கருத்து.

திரையில் கண்டதை நெஞ்சிலும் நூலைக் கையிலும் வைத்துக்கொண்டு அண்மையில் அக்கதையுள் மீண்டும் புகுந்தபோது, கருவிகள் யாவும் பின்னுக்குப் போய்விட்டன. முன்னே வந்து நின்றவை அந்நாட்டின் இரண்டு சட்டங்கள். ஒன்று, எவர் பெயரும் இரண்டு எழுத்துக்கு மேற்படலாகாது: நிலா, சிபி, ரவி, மனோ. மற்றொன்று, குறித்த வயதை எட்டிய முதியோர் உயிரோடு விடப்படமாட்டார். பிள்ளை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும். இவ்வளவையும் மக்கள் முணுமுணுப்பின்றி ஏற்று, ஜீவாவை வாழ்த்தியவண்ணம் வாழ்கின்றனர்.

இவ்விரு சட்டங்களையும் தனித்தனியாகவே பலரும் படித்துச் செல்கின்றனர். தமிழ் படித்தவன் அவ்வாறு கடந்து செல்ல இயலாது. ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. ‘பேத்தி’ என்பது ‘பெயர்த்தி’. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். உறவுமுறைச் சொல்லே பெயரிடும் வழக்கத்திலிருந்து பிறந்த மொழி நம்முடையது. நம் இராவுத்தர் குடும்பங்களிலும் மறைந்த நன்னாவின் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு இடுதல் இன்றளவும் உண்டு. எனவே, முதியோரை அழித்துப் பெயரையும் நறுக்கும் ஆட்சி இரண்டு குற்றங்களைச் செய்யவில்லை. ஒரே கயிற்றை இரு முனையிலும் அறுக்கிறது. எங்கள் நன்னி எழுதப் படிக்க அறியாதவர். நாங்கள் கதையைச் சொல்லக் கேட்டு அவர் வினவியது ஒன்றே: “அந்த ஊர்ல புள்ளைகளுக்கு யாரு பேர வைப்பாக?” எத்தனையோ திறனாய்வுக் கட்டுரைகளைப் படித்தபின்னும் இதனினும் கூரிய வினாவை நான் கண்டிலேன். சுஜாதாவே திருவரங்கத்தில் தம் பாட்டியாரின் பராமரிப்பில் வளர்ந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

‘முதியோரைக் கொல்லும் சமூகம் வெறும் கற்பனை’ என்று சொல்லி இக்கதையை மூடிவைத்துவிட முடியுமா? தென்மாவட்டங்கள் சிலவற்றில் மறைவாக வழங்கிவந்த ‘தலைக்கூத்தல்’ குறித்து நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்து அவர் முடிவை விரைவுபடுத்தும் கொடிய வழக்கம் அது. 2010 இல் விருதுநகர் மாவட்டத்து முதியவர் ஒருவர், தம்மை முடிக்க வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டு, வெளியேறி உறவினரிடம் அடைக்கலம் புகுந்த செய்தி நாளேடுகளில் வந்தது. ‘கே.டி. என்கிற கருப்புதுரை’ (2019), ‘பாரம்’ (2020) ஆகிய திரைப்படங்கள் இதனைப் பேசின. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பிற்கென 2007 இல் நடுவண் அரசு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சுஜாதாவின் நாட்டில் அரசாணை செய்ததை இங்கே வறுமையும் சலிப்பும் செய்திருக்கின்றன. அங்கே எந்திரம், இங்கே இளநீர்.

நம் மலையடிவாரத்தையே எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று திரும்பிய பெண்கள், மலையேற முழங்கால் இடங்கொடாத வயதில் போடிநாயக்கனூர்க் கிட்டங்கிகளில் அமர்ந்து காய் தரம் பிரிக்கின்றனர். கண் மங்கிய பின் அவ்வேலையும் இல்லை. அதன்பிறகு அவர்களை வீடு எவ்வாறு எண்ணுகிறது என்பதே கேள்வி. ‘பயன்படாத வாய்’ என்று எவரேனும் எண்ணத் தொடங்கினால், அவ்வீட்டின் வாசலில் ஜீவா நிற்கிறார் என்று பொருள்.

இப்படைப்பில் குறைகள் இல்லாமல் இல்லை. கதைத்தலைவி நிலாவைவிட நாய்க்கே அறிவும் துணிவும் நகைச்சுவையும் வாரி வழங்கப்பட்டுள்ளன. ஜீனோ இல்லையேல் அவள் பல இடங்களில் திகைத்து நின்றிருப்பாள். தொடர்கதைக்குரிய பரபரப்பிற்காக வாரந்தோறும் இட்ட முடிச்சுகள் இறுதியில் அவசர அவசரமாக அவிழ்க்கப்படுகின்றன. கொல்லப்படும் முதியோருள் ஒருவரையேனும் அருகிருந்து அறியும் வாய்ப்பை ஆசிரியர் நமக்குப் போதிய அளவு தரவில்லை என்பது என் பெருங்குறை. எனினும், தன்னைப் படைத்தவன் சொல்லாததையும் நூல்களைப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்கும் ஜீனோ ஒன்றே அந்நாட்டில் ‘ஏன்?’ என்று கேட்கிறது. கேட்க வேண்டிய மாந்தர் கேட்கவில்லை. பின்னர் எழுதப்பட்ட ‘மீண்டும் ஜீனோ’வில் நிலா அரசியாக வீற்றிருந்தும் அதிகாரம் பிறர் கையில் இருப்பதைக் காண்கையில், ஆளும் உருவம் மாறியதேயன்றிப் பழைய பொம்மலாட்டம் மாறவில்லை என்பது புலனாகிறது.

இத்தகைய நூலைத் தமிழ்த்துறைகள் ‘பொழுதுபோக்கு எழுத்து’ என ஒதுக்கி வைப்பது ஏற்புடையதன்று. இக்கால இலக்கியத் தாளில் இதற்கோர் இடம் தரலாம். அறிவியல் தமிழ் என்றால் கலைச்சொற் பட்டியல் என்று மட்டுமே கருதும் போக்கிற்கும் அது நல்ல மாற்றாக அமையும். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இரண்டாமாண்டு மாணவர்க்கு இக்கதையைச் சொல்லி, அவரவர் பெயர் யாருடைய பெயர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னேன். பலர் ஒரு பக்கம் நிறைய எழுதினர். ஒரு மாணவி நான்கே வரிகள் எழுதியிருந்தாள்: அவள் எவ்வளவு குறும்பு செய்தாலும் தந்தை அவளைப் பெயர் சொல்லி அதட்டுவதில்லையாம், அது அவருடைய தாயாரின் பெயராம்.