மருந்துச் செலவுக்கு வந்த ‘டெத்’

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோலிங் மில்களில் வேலை செய்பவர்களுக்கு இரைச்சல் புதிதல்ல. ஷிப்ட் முடிந்து மின்சார ரயில் ஏறும் ஒரு பையன் ஹெட்போனில் அதைவிடப் பெரிய இரைச்சலைக் கேட்டால், பக்கத்து சீட்டுக்காரர் “ஏன் தம்பி, எட்டு மணி நேரம் மெஷின் சத்தம் கேட்டது போதாதா?” என்று கேட்கத்தான் செய்வார். அம்மாவின் கவலை வேறு. அந்த இசைக்குப் பெயர் ‘டெத் மெட்டல்’. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் சொல்லக்கூடிய பெயரா அது?

சென்னைக்கும் அது அந்நியமில்லை. 2009-இல் ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ விழாவில் ஸ்வீடனின் ‘ஓபெத்’ குழு வந்து வாசித்தது. ஆனால் இந்த இசைக்கு வழிபோட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வளர்ந்த சக் ஷுல்டினர். அண்ணனை விபத்தில் பறிகொடுத்த 9 வயதுச் சிறுவனுக்கு, துக்கம் மறக்கப் பெற்றோர் ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தார்கள். பின்னாளில் அவர் நடத்திய குழுவின் பெயரே ‘டெத்’.

1998 டிசம்பர் 5 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் ‘விஸ்கி எ கோ கோ’ அரங்கில் அந்தக் குழு வாசித்தது. அடுத்த ஆண்டு, சக்கின் 32-வது பிறந்தநாளன்று, மூளையில் கட்டி என்றார்கள் டாக்டர்கள். அறுவை சிகிச்சை, மறுபடியும் கட்டி, மறுபடியும் செலவு. நம் வீடுகளில் நகை அடகுக்குப் போகும் கட்டம் அது. அங்கே அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கச்சேரி, 2001 அக்டோபரில் சிகிச்சைக்குப் பணம் திரட்டும் லைவ் ஆல்பமாக வெளிவந்தது. ‘லைவ் இன் எல்.ஏ.’ என்ற பெயரோடு ‘டெத் அண்ட் ரா’ என்றும் சேர்த்துக்கொண்டார்கள். மெருகேற்றாத, பச்சையான ஒலி. குரலுக்குக் காது பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் கிடாரும் டிரம்ஸும் கணக்குப் பிசகாமல் ஒன்றையொன்று துரத்துவதை, தனி ஆவர்த்தனம் கேட்ட காது சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

கடைசிப் பாட்டு ‘புல் தி ப்ளக்’. 1988-இல் ‘லெப்ரஸி’ ஆல்பத்துக்காகச் செய்தது. கருவிகளின் தயவில் மட்டும் மூச்சுவிடும் நோயாளி ஒருவர், தன்னை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சும் பாட்டு. அந்த ஆல்பம் வந்தபோது சக்குக்கு வயது 21. கச்சேரி நடந்ததோ கட்டி கண்டுபிடிக்கப்படும் முன்பு. யாரும் யோசித்து வைத்த முடிவல்ல அது. உயிரைக் காப்பாற்ற விற்ற ஆல்பம் அந்தப் பாட்டில் போய் முடிகிறது.

வெளிவந்த இரண்டே மாதத்தில், டிசம்பர் 13 அன்று, சக் இறந்துபோனார். வயது 34.

ஆல்பம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி ஆரம்பித்தால், சென்ட்ரல் நெருங்கும்போது ஏறக்குறைய அந்தக் கடைசிப் பாட்டு வந்திருக்கும்.