வாடி நாயின்ட காதுக்குள்ள யார் பார்க்குற?

எங்கட ஊர்ல நாய் வளர்க்குறல்ல என்டு பெருமையாச் சொல்லுவம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வீதிகளுக்கு அது பெரும்பாலும் சரி; வீட்டுக்குள்ள பூனைதான் ராசா. ஆனா வட்டைக்குப் போய்ப் பாருங்க. வாடியில காவலுக்கு நாய், மாட்டுப் பட்டியில நாய். வேலைக்கு நாய் வேணும். அதின்ட காதுக்குள்ள கொத்தாத் தொங்குற உண்ணியக் கழட்டத்தான் ஆளில்ல. கேட்டா, "நஜீஸ், தொடப்படா".

இந்தப் பதில எங்களால ஏத்துக்க முடியல்ல. ஷாபிஈ மத்ஹபில் பிரச்சினை ஈரம்தான். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. காய்ந்த கை காய்ந்த உடம்பில் பட்டால் கழுவும் கடமை இல்லை. பயிருக்கும் கால்நடைக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருக்க ஹதீஸிலேயே அனுமதி உண்டு. தாகித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலணியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. பயானில கேட்டுத் தலையாட்டிட்டு வாற நாமதான் வாடிக்குப் போனதும் கல்லெடுக்கிற. அப்படியும் மனம் ஒப்பல்லையா, கையுறை ஒண்டப் போடுங்க.

உண்ணி சின்ன விசயமில்ல. இரத்தம் குடித்து ஊதிய பெட்டை உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் ஓலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரிச்சது திரும்பவும் நாயிலதான் ஏறும். அதனால நாயை மட்டும் பார்த்துப் பிரயோசனமில்ல, அது படுக்குற இடத்தையும் துப்பரவாக்க வேணும். பபேசியா என்ற ஒட்டுண்ணி உண்ணிக்கடியால் இரத்தத்துக்குள் போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். முரசு வெளுக்கும், காய்ச்சல் வரும், நாய் எழும்பாது. "இது சோம்பேறி நாய்" என்டு துரத்தி விடுற பல நாய்களுக்கு இந்த வருத்தமாயும் இருக்கலாம்.

பார்க்குறது லேசு. காது, கழுத்துப் பட்டிக்குக் கீழ, கக்கம், விரலிடுக்கு, வாலடி. சாவணத்தால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்க வேணும், நசுக்கப்படா. மண்ணெண்ணெய் பூசுறதும் நெருப்பால சுடுறதும் நம்ம ஆக்களின்ட கைவைத்தியம். ரெண்டும் நாய்க்குத்தான் கேடு. மாட்டுக்கு அடிக்கிற மருந்த அளவு தெரியாம ஊத்துறதும் அப்படித்தான். மிருக வைத்தியரிட்டக் கேட்டு வாங்குங்க. பூனையுள்ள வீடெண்டா இன்னும் கவனம்: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையக் கொன்டுரும்.

எங்களுக்கு ஆகப் பெரிய கோபம் அறுவடைக்குப் பிறகு நடக்குறதுலதான். நெல்லு வீட்டுக்கு வரும், வாடியப் பிரிப்பாங்க, நாய் மட்டும் உண்ணியோட வரம்புல நிற்கும். அடுத்த போகத்துக்கு வேற குட்டி. இந்தப் போகம் உங்கட வாப்பாவோ காக்காவோ வாடி பிரிக்கப் போறாங்க எண்டா, கூடப் போங்க. ஒரு சாவணமும் ஒரு சோடிக் கையுறையும் போதும். அந்த நாயப் பிறகு யார் பார்க்குற எண்டும் அங்கேயே கேளுங்க.