சந்தா கட்டிச் சலுகை பெறலாமா?



வாங்கும் பொருளுக்கு விலை கொடுப்பது வழக்கம். வாங்கும் உரிமைக்கும் விலை கொடுக்கும் காலம் இது. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் சந்தா கட்டினால் ஆண்டு முழுவதும் தள்ளுபடி, வீட்டுக்கே கொண்டுவந்து தரக் கூலி இல்லை, வாங்குந்தோறும் புள்ளிகள் என்றெல்லாம் கடைகள் நம்மை அழைக்கின்றன. கட்டலாமா, வேண்டாமா என்னும் கேள்வி பல இல்லங்களில் எழுந்துள்ளது. எங்கள் குடும்பத்திலும் எழுந்தது.

சென்ற மாதம் என் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவளுடைய கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். அவர் அனுப்பும் பணத்தில் குடும்பத்தை நடத்தி, மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென மாதம் 1,000 ரூபாயைத் தனியே எடுத்து வைப்பது அவள் வழக்கம். நான் சென்ற அன்று அவளுக்கும் அவளுடைய மாமியாருக்கும் மனத்தாங்கல். மூன்று மாதங்களாக அந்த 1,000 ரூபாய் எடுத்து வைக்கப்படவில்லை. "பணம் எங்கே போகிறது?" என்று அப்பெரியவர் கேட்டதற்கு இவளால் விடை கூற இயலவில்லை.

"வீண் செலவு எதுவும் செய்யவில்லை, லாத்தா. முன்பைவிட மலிவாகத்தான் வாங்குகிறேன்" என்று கண்கலங்கக் கூறியவள், ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். ஊரில் புதிதாகத் திறக்கப்பட்ட பல்பொருள் அங்காடி ஒன்றின் உறுப்பினர் அட்டை அது. ஆண்டுச் சந்தா 600 ரூபாய். பொருள்களுக்கு 3 விழுக்காடு தள்ளுபடி.

நல்ல வேளையாக, மளிகைக் கணக்கை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. பில்களையும் நோட்டையும் எடுத்துவரச் சொல்லி, கூடத்தில் பாய் விரித்து இருவரும் அமர்ந்தோம். அக்கணக்கைக் கூறுமுன், இச்சந்தா முறை தோன்றிய விதத்தைச் சிறிது காண்போம்.

சந்தா வந்த வழி

1976ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் சோல் பிரைஸ் என்னும் வணிகர், பழைய விமானக் கொட்டகை ஒன்றில் 'பிரைஸ் கிளப்' என்ற கிடங்குக் கடையைத் திறந்தார். ஆண்டுக்கு 25 டாலர் சந்தா. சிறு வணிகர்களை எண்ணியே அது தொடங்கப்பெற்றது. அலங்காரம் இல்லை, மொத்தமாகச் சரக்கு, குறைந்த லாபம். 1983இல் சியாட்டில் நகரில் தோன்றிய 'காஸ்ட்கோ' அதே வழியில் வளர்ந்து, 1993இல் பிரைஸ் கிளப்புடன் இணைந்தது.

2024ஆம் நிதியாண்டில் காஸ்ட்கோவின் நிகர லாபம் ஏறத்தாழ 737 கோடி டாலர். அவ்வாண்டு சந்தாவாக மட்டும் அதற்கு வந்த தொகை ஏறத்தாழ 480 கோடி டாலர். சரக்கில் விட்டுக்கொடுப்பதைச் சந்தாவில் ஈட்டிக்கொள்ளும் வணிகமுறை இது. நிறைய வாங்குவோர்க்கு இதனால் மெய்யாகவே ஆதாயம் உண்டு. குறைவாக வாங்குவோர் கட்டும் சந்தாவோ கடைக்குத்தான் ஆதாயம்.

இந்தியாவில் 2016 ஜூலையில் அமேசான் நிறுவனம் தனது 'பிரைம்' திட்டத்தைத் தொடங்கியபோது, அறிமுகச் சலுகையாக ஆண்டுக்கு 499 ரூபாய் பெற்றது. பின்னர் அது 999 ரூபாயாயிற்று. 2021 டிசம்பரில் 1,499 ரூபாயாக உயர்ந்தது. முதலாண்டில் சரியாக இருந்த கணக்கு பின்னாளில் சரியாக இராது என்பதற்கு இது போதிய சான்று. ஆண்டுதோறும் கணக்கைப் புதிதாகவே போடுதல் வேண்டும்.

கணக்குப் போடும் முறை

சந்தாத் தொகையை 100ஆல் பெருக்குங்கள். வரும் தொகையைத் தள்ளுபடி விழுக்காட்டால் வகுங்கள். தங்கையின் அட்டைக்கு, 600ஐ 100ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 20,000. அதாவது, ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் கட்டிய 600 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல் வாங்குவதில் கிடைக்கும் தள்ளுபடியே நமக்கு மிச்சம்.

அமெரிக்காவில் வாழும் நம் உறவினர்க்கும் இம்முறை பொருந்தும். 2024 செப்டம்பர் முதல் காஸ்ட்கோவின் சாதாரணச் சந்தா 65 டாலர். உயர்வகைச் சந்தா 130 டாலர். பின்னதற்கு 2 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். கூடுதலாகக் கட்டும் 65 டாலரை மீட்க, ஆண்டுக்கு 3,250 டாலருக்கு வாங்க வேண்டும்.

"எங்கள் வீட்டு மளிகைச் செலவு மாதம் 9,000 ரூபாய். 20,000 ரூபாயை மூன்றே மாதத்தில் தாண்டிவிடுவோமே!" என்றாள் தங்கை. பலரும் தவறுவது இவ்விடத்தில்தான். அரிசி மண்டியில் வாங்குகிறாள். மீன், இறைச்சி, காய்கறி சந்தையில். பால் வீட்டு வாசலில். அட்டை வாங்குமுன் அந்தக் கடையில் அவள் வாங்கி வந்தது மாதம் 2,400 ரூபாய்க்கு மட்டுமே. அதிலும் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் தள்ளுபடி கிடையாது என்று அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அவற்றைக் கழித்தால் 1,300 ரூபாய். ஆண்டுக்கு 15,600. அதற்குத் தள்ளுபடி 468 ரூபாய். கட்டியதோ 600!

இழப்பு 132 ரூபாய்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் நோட்டின் அடுத்த பக்கங்கள் வேறொன்றைக் கூறின. அட்டை வாங்கிய பின், அதே கடையில் அவள் கட்டிய தொகை மாதம் 3,300 ரூபாய். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஷாம்பு, பிள்ளைகள் கேட்காத பிஸ்கட், அலமாரியில் பிரிக்கப்படாமலேயே இருக்கும் கண்ணாடிக் குவளைகள்...

"இவையெல்லாம் எதற்கம்மா?" என்றேன்.

"600 ரூபாய் கட்டியிருக்கிறேனே லாத்தா. அதை எடுக்க வேண்டாமா?"

சகோதரிகளே, சந்தாவின் முழு வலிமையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியுள்ளது. மாதம் 900 ரூபாய் கூடுதலாக, மூன்று மாதங்களில் 2,700. சந்தாவுடன் சேர்த்து 3,300. எடுத்து வைக்கப்படாத 3,000 ரூபாய் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வீண் செலவு செய்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல், சிக்கனம் செய்கிறோம் என்ற நம்பிக்கையிலேயே மகளின் கட்டணப் பணத்தை அவள் செலவிட்டிருந்தாள்.

யாருக்கு ஆதாயம்?

எல்லோருக்கும் இது இழப்பு என்று கூறிவிட முடியாது. தங்கையின் பக்கத்து வீட்டில் முதிய தம்பதியர் தனித்து வாழ்கின்றனர், பிள்ளைகள் வெளியூரில். கடைக்குப் போய்வர மாதம் இருமுறை ஆட்டோ. ஒவ்வொரு முறையும் 100 ரூபாய். ஆண்டுக்கு 2,400 ரூபாய். அதே அட்டையால் பொருள்கள் கூலியின்றி வீட்டுக்கே வந்துவிடுகின்றன. தள்ளுபடி ஒரு காசு இல்லாவிட்டாலும் அவர்களுக்கு 1,800 ரூபாய் மிச்சம். அவர்கள் வாங்கும் பட்டியலோ மாறவே இல்லை. ஆதாயத்தின் அடையாளம் அதுதான்.

ஆகவே, சந்தா கட்டுமுன் கடந்த மூன்று மாதப் பில்களை எடுத்து வையுங்கள். அட்டை இல்லாதபோதும் வாங்கிய பொருள்களை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள். பெருநாள் மாதத்துச் செலவை வைத்து ஆண்டைக் கணிக்காதீர்கள். அடுத்த தெருக் கடையில் அதே பொருள் என்ன விலை என்றும் விசாரியுங்கள். அங்கே இயல்பாகவே விலை குறைவென்றால் தள்ளுபடிக்குப் பொருளில்லை.

இணையவழிச் சந்தாக்களில் இன்னொரு கவனம் தேவை. ஆண்டு முடிந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடிக்கப்படலாம். வங்கி அட்டை வழியே இவ்வாறு பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அக்குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். சந்தா முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பதும் நன்று.

கட்டிய 600 ரூபாய்க்காகத் தங்கை வருந்தினாள். "அது போனது போனதுதான். அதை மீட்கப் போய் இன்னும் இழக்காதே. தேவையானதை வாங்கும்போது அட்டையை நீட்டு, அட்டைக்காக எதையும் வாங்காதே" என்றேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் மாமியாரின் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். கேட்டு முடித்த அப்பெரியவர், "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, மகளே" என்று மட்டும் கூறினார்.

இந்த மாதம் 1,000 ரூபாய் தனியே எடுத்து வைக்கப்பட்டுவிட்டதாகத் தங்கை தொலைபேசியில் தெரிவித்தாள். கண்ணாடிக் குவளைகள் இன்னும் பிரிக்கப்படவில்லையாம்!